சுயம்புகனி குந்தியிருந்தால் யாரும் ஓடுவதில்லை

ஆடிக்காற்றில் எங்கள் தேரிக்காட்டுச் செம்மணல் ஒரு இடத்தில் கிடக்காது. கிழக்கே கிடந்த மேடு எழுந்து, போகிற வழியில் நாலு பனையின் முட்டிவரைக்கும் ஏறி நின்று பார்த்துவிட்டு, பக்கத்து விளைக்குக் குடிபோய்விடும், ஆவணியில் அதை யாரும் தேடுவதில்லை. மணல் போகலாம், மனுஷர் மட்டும் போக முடியாது என்று எங்கள் செந்தேரிவிளையில் ஒன்றரை வருஷம் ஆகிக் கிடந்தது. அதைத்தான் சொல்கிறேன்.

ஊரில் பேஸ்பாலைக் கொண்டுவந்தது பள்ளிக்கூடத்து விளையாட்டு வாத்தியார் கோயில்பிள்ளை சார். பயிற்சி முகாமுக்கென்று எங்கேயோ போனவர் ஒரு கோணி நிறைய சாமானோடு வந்து இறங்கினார். பையன்கள் எட்டிப் பார்த்துவிட்டு, "இது கிரிக்கெட்டு இல்லியே சார்" என்று போய்விட்டார்கள். அந்தக் கோணி ஒன்பதாம் வகுப்புப் பெண்பிள்ளைகளுக்கு வந்தது. மாதா கோயிலுக்குப் பின்னால் செம்மண் பொட்டலில் மூலைக்கு ஒன்றாய் மூன்று மெத்தைகளைச் சாக்கில் மணல் திணித்துப் போட்டார்கள், நாலாவது மூலையில் ஒரு வெள்ளைத் தட்டைப் பதித்தார்கள், கேச்சருக்கு வேண்டிய முகமூடியைச் சைக்கிள் கடையில் கம்பி வளைத்துப் பற்றவைத்து வாங்கினார்கள், விளையாட்டு ஆரம்பித்தது.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். தட்டுக்குப் பக்கத்தில் நின்று பந்தை அடிக்கிறவள் முதல் மெத்தைக்கு ஓட வேண்டும், அங்கிருந்து இரண்டாவது, மூன்றாவது, சுற்றிக்கொண்டு வந்து கடைசியில் கிளம்பின தட்டையே மிதிக்க வேண்டும். மிதித்தால்தான் ஒரு ஓட்டம். முதல் மெத்தையில் நிற்கிறவள் அடுத்தவள் அடிக்கிறவரை காத்திருக்கலாம். துணிச்சல் உள்ளவள் காத்திருக்க மாட்டாள். பந்து எறிகிற பிட்சர் கை வீசுகிற கணத்தைப் பார்த்துப் பாய்ந்து இரண்டாவது மெத்தையைக் களவாண்டுவிடுவாள். அதைத் தடுக்க வேண்டியவள் தட்டுக்குப் பின்னால் குந்தியிருக்கிற கேச்சர். வந்த பந்தைப் பிடித்து, எழுந்து, காதுக்குப் பக்கம் கொண்டுபோய், பிட்சர் தலைக்கு மேலாக, ஓடுகிறவளின் காலுக்கு முன்னால் இரண்டாவது மெத்தையில் சேர்க்க வேண்டும். எல்லாம் சேர்த்து இரண்டு விநாடி. மற்ற எட்டுப் பேரும் தட்டைப் பார்த்து நிற்பார்கள், கேச்சர் ஒருத்திதான் எல்லாரையும் பார்த்துக் குந்தியிருப்பாள்.

எங்கள் கேச்சர் சுயம்புகனி. அன்றைக்குப் பதினாலு வயசு. முருங்கை விளையில் காய் பறித்துப் பறித்து நீண்ட கை. அவளுக்குப் பிட்சர், அவளோடு ஒரே பெஞ்சில் இருந்த டெய்சிராணி. கனி தொடைக்கு நடுவில் விரல் காட்டுவாள்: ஒன்று என்றால் நேராக, இரண்டு என்றால் வளைத்து, முஷ்டி என்றால் அடிக்கிறவளுக்கு எட்டாமல் வெளியே. டெய்சி தலையாட்டுவாள். அவ்வளவுதான் அவர்கள் பேச்சு. பதினோரு வருஷத்தில் அந்த விரல்களில் அவர்கள் பேசின அளவுக்கு எங்கள் ஊரில் எந்தப் புருஷன் பெண்டாட்டியும் வாயால் பேசியிருக்க மாட்டார்கள்.

முதல் மாவட்டப் போட்டியில் களவாட ஓடின ஏழு பேரையும் கனி வீழ்த்தினாள். எட்டாவது பெண் நாலு எட்டு வைத்துவிட்டு, கம்பி முகமூடிக்குள்ளிருந்து பார்த்த கண்ணைப் பார்த்தாள், திரும்பிப் போய் முதல் மெத்தையின்மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள். "ஓடு, ஓடு" என்று அவளுடைய கோச் கத்தினார். "எனக்கு வேண்டாம் சார், இங்கனயே நல்லாத்தான் இருக்கு" என்றாள். அதோடு சரி. சேதி எங்களுக்கு முன்னால் ஊர் ஊராகப் போனது. எந்த மைதானத்துக்குப் போனாலும் கனி குந்தினதும் முதல் மெத்தைக்காரிகள் வேர்விட்டு நின்றார்கள். இரண்டு வருஷத்துக்குள் கனியின் கைக்கு வேலையே இல்லாமல் போனது. எறியவேண்டிய எறியை ஒருத்தியும் கேட்கவில்லை. ஒன்பது வருஷம், இரண்டாவது மெத்தைக்கு ஒரு பந்துகூட அவள் எறியவில்லை.

"நல்லதுதானட்டி? கையும் வலிக்காது" என்பாள் டெய்சி.

"ஒருத்தி ஓடினா என்ன கொறஞ்சா போவா?" என்பாள் கனி. "எறியணும் போல இருக்கு டெய்சி. காய் அடுக்கிட்டே இருக்கையில கை தானா காதுக்கிட்ட போவுது."

போன வருஷம் சித்திரை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. தட்டுக்குப் பின்னால் குந்தியிருந்து பார்த்தால் டெய்சி தெரிவாள், டெய்சிக்கு நேர் பின்னால் இரண்டாவது மெத்தை, அதற்கு நேர் பின்னால் உடைமரம், உடைமரத்துக்கு நேர் பின்னால் தார் ரோட்டில் எங்கள் ஊர் பஸ் நிறுத்தம். தங்கபுஷ்பம் அத்தையின் மகன் ஜெயசிங் பெட்டியோடு அங்கே நின்றான், ஓசூரில் வேலை கிடைத்திருந்தது. பஸ் வந்தது. முதல் படியில் ஒரு காலை வைத்தான். கனி அப்போது முதல் மெத்தைக்காரியைப் பார்க்கிற பார்வையைச் சற்றே உயர்த்தினாள், அவ்வளவுதான் செய்தாள். ஜெயசிங் படியிலிருந்து காலை எடுத்தான். "என்னத்தையோ வச்சிட்டு வந்துட்டேன்" என்று கண்டக்டரிடம் சொல்லிவிட்டு வீட்டுக்கு நடந்தான். மறுநாளும் அதே. அதற்கு மறுநாளும். நாலாம் நாள் பெட்டியைப் பரணில் ஏற்றிவிட்டு அம்மாவுக்குத் தண்ணீர் எடுக்கப் போனான்.

ஜெயசிங்குக்குப் பிறகு கொத்தனார் வேலைக்கு எர்ணாகுளம் போகிறவர்கள் ஆறு பேர், அப்புறம் கோயம்புத்தூரில் படிக்கப்போன இரண்டு பிள்ளைகள். யாருக்கும் வலி கிடையாது, பயம் கிடையாது. படியில் கால் வைக்கிற நேரம் வீட்டில் என்னவோ கிடக்கிறது என்று மனசில் ஒரு இழுப்பு. போய்ப் பார்த்தால் ஒன்றும் கிடக்காது. கனி மைதானத்தில் இருக்க வேண்டும் என்றுகூட இல்லை, விளையில் இருந்தாலும் போதும், தூங்கினாலும் போதும். முருங்கைக்காய் லாரியில் போனது, கருப்பட்டி போனது, வெளியூர்க்காரர்கள் வந்தார்கள், போனார்கள். எங்கள் ஊரைச் சொந்த ஊர் என்று சொல்கிற யாரும் தன் காலால் ஊரை விட முடியவில்லை.

முதலில் இதை யார் கண்டுபிடித்தது என்பதில் இன்றைக்கும் சண்டை உண்டு, ஆனால் முதலில் பயன்படுத்தியது தங்கபுஷ்பம் அத்தைதான் என்பதில் சந்தேகமில்லை. ஒரு சொளகில் பனங்கிழங்கைக் கொண்டுவந்து கனியின் முற்றத்தில் வைத்து, "நீ நல்லா இருப்ப மக்கா, அப்படியே இரி" என்று கன்னத்தை வழித்து நெற்றியில் சொடக்கு முறித்துவிட்டுப் போனாள். அதற்குப் பிறகு தாய்மார் வரிசையாக வந்தார்கள். முட்டை வந்தது, அவல் வந்தது. "எம் மவன் பம்பாய்னு பொலம்புதான், சும்மா ஒரு தடவ குந்தி எந்திரியேன்" என்று கேட்டு வந்தார்கள். "நான் ஒண்ணும் பண்ணல அத்தை" என்று கனி எத்தனை சொல்லியும், அவள் அடக்கமாகப் பேசுகிறாள் என்றுதான் எடுத்துக்கொண்டார்கள்.

ஊர் நிறைய ஆரம்பித்தது. பத்து வருஷமாகப் பூட்டிக் கிடந்த வீடுகளில் விளக்கு எரிந்தது. திருவிழாவுக்கு லீவு கிடைத்து வந்தவர்கள் கொடி இறங்கின பிறகும் இருந்தார்கள். குலசேகரம் பக்கத்திலிருந்து பெண்ணழைத்துப்போக வந்த மாப்பிள்ளை வீட்டார் நாலு வேனோடு நாற்பது நாள் தங்கினார்கள், பெண் வேனில் ஏறவே இல்லை, ஒவ்வொரு நாளும் வாசல்வரை வந்து, "சீப்ப வச்சிட்டேன்" என்று உள்ளே போனாள். கடைசியில் வேன்களை அனுப்பிவிட்டு மாப்பிள்ளை மட்டும் இங்கேயே ஒரு டெய்லர் கடை போட்டார். மார்கழியில் குளத்துக்கு வந்த நாரைகள் குஞ்சுகளை இங்கே பொரித்துவிட்ட தோஷத்தால் பங்குனியிலும் கிளம்பவில்லை, வற்றின குளத்துச் சேற்றில் ஒற்றைக்காலில் நின்று வடக்கே பார்த்தபடி இருந்தன. பஸ் மட்டும் பழக்கதோஷத்தில் தினமும் நின்றது. "ஒங்க ஊர்ல ஏறுதவனே இல்லியே, எதுக்குய்யா ஸ்டாப்பு?" என்று கண்டக்டர் கேட்பார். "இறங்குதவன் இருக்காம்லா" என்பார்கள் டீக்கடையில்.

மாசிலாமணித் தாத்தா கதைதான் எல்லாவற்றிலும் கஷ்டம். தொண்ணூற்று மூன்று வயசு. சாமியார் வந்து எண்ணெய் பூசி, பிள்ளைகள் பால் ஊற்றி, சொந்தமெல்லாம் அழுது முடித்தாயிற்று, தாத்தா போகவில்லை. ஒரு காலைக் கட்டிலுக்கு வெளியே தொங்கப் போட்டபடி ஏழு மாதம் கிடந்தார். பார்க்கப் போனவர்களிடம், "நானும் மெத்தைய விட்டு ரெண்டு எட்டு எடுத்து வச்சிட்டுத்தான் கெடக்கேன். ஓடத்தான் முடியல. அந்தப் பிள்ள பாக்குதுல்லா" என்றார். அவர் மகள் கனியிடம் வந்து எதுவும் கேட்காமல் சற்று நேரம் நின்றுவிட்டுத் திரும்பிப் போனாள். அன்றைக்குத்தான் கனி வீட்டுக்கு வந்த முட்டைகளைத் திருப்பி அனுப்ப ஆரம்பித்தாள்.

இந்த வருஷம் ஆவணியில் டெய்சிராணிக்கு மஸ்கட்டிலிருந்து கடிதம் வந்தது. நர்சு படிப்பு முடித்து மூன்று வருஷமாக அவள் எழுதிப் போட்டுக்கொண்டே இருந்த ஆஸ்பத்திரி. அக்டோபர் முதல் தேதி வேலையில் சேர வேண்டும், தவறினால் அடுத்தவளுக்குப் போய்விடும் என்று எழுதியிருந்தது. டெய்சி பெட்டி கட்டினாள். பஸ் நிறுத்தத்துக்குப் போனாள். மூன்று தடவை போனாள்.

மூன்றாம் தடவை திரும்பி வந்தவள் வீட்டுக்குப் போகவில்லை, பெட்டியோடு நேராகக் கனியின் முற்றத்துக்கு வந்தாள். கனி முருங்கைக்காயை நீளம் பார்த்துக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"ஏட்டி, என்ன விடு" என்றாள் டெய்சி.

"நான் எங்க பிடிச்சேன்?"

"மூணு தடவ போயாச்சு. மூணு தடவையும் படியில கால வச்சா எதையோ விட்டுட்டு வந்த மாதிரி இருக்கு. வீட்டுக்கு வந்து பெட்டியத் தொறந்து பாக்கேன். பாஸ்போர்ட்டு இருக்கு, சர்ட்டிபிகேட்டு இருக்கு, அம்மா போட்ட எலுமிச்ச ஊறுகா கூட இருக்கு. என்னத்தட்டி நான் விட்டுட்டுப் போறேன்?"

"நான் விளையில நின்னேன் டெய்சி. உன்ன நெனைக்கக்கூட இல்ல."

"பொய் சொல்லாத."

கனி ஒரு காயை எடுத்தாள், வைத்தாள், வேறொன்றை எடுத்தாள். "நெனச்சேன்" என்றாள்.

"அப்ப நெனைக்காத."

"அது என்ன கையா காலா, மடக்கி வைக்க?"

டெய்சி பெட்டியின்மேலேயே உட்கார்ந்தாள். பிறகு டெய்சியும் காய் கட்ட ஆரம்பித்தாள்.

கனி தன்னால் ஆனதெல்லாம் செய்தாள், அதை நாங்கள் எல்லாரும் பார்த்தோம். டெய்சி நாலாம் தடவை போனபோது மேற்கே திரும்பிக் கிணற்றுக்குள் பார்த்துக்கொண்டு நின்றாள். ஐந்தாம் தடவை, கண் ஆபரேஷன் செய்த சித்தப்பாவின் கறுப்புக் கண்ணாடியைப் போட்டு அதன்மேல் துண்டையும் கட்டிக்கொண்டாள். இரண்டு தடவையும் டெய்சி திரும்பி வந்தாள். "நீ திரும்பி நின்னா உன் முதுகு பாக்குதுட்டி" என்றாள். கனியையே வெளியூர் அனுப்பிவிட்டால் என்ன என்று ஒருவர் யோசனை சொன்னார். கனியும் ஒரு மஞ்சப்பையோடு கிளம்பினாள், பஸ் படியில் கால் வைத்தாள், எதையோ வச்சிட்டு வந்த முகத்தோடு திரும்பி வந்தாள். அவள் கண்ணுக்கு அவளும் தப்பவில்லை.

செப்டம்பர் இருபதாம் தேதி மைதானத்தில், இரண்டு பேரும் பந்து போட்டுப் பிடித்துக்கொண்டிருந்தபோது, டெய்சி பந்தைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள்.

"எனக்கு இப்பத்தான் விளங்குது. நீ விட்டுத் தந்தா செல்லாது கனி. கேச்சர் பாத்து குடுத்தா அது களவு இல்ல, தர்மம். தர்மத்துக்கு யாரும் படி ஏற முடியாது. நான் களவாண்டுதான் போவேன்."

"யாருட்ட?"

"உங்கிட்டத்தான்."

முகமூடிக்குள் கனி சிரித்தாளா என்று தெரியவில்லை. "எங்கிட்ட ஒன்பது வருஷமா ஒருத்தியும் எடுத்ததில்ல."

"ஒன்பது வருஷமா ஒருத்தியும் ஓடினதில்ல. அது வேற."

"நான் விட மாட்டேன் டெய்சி."

"விடாத. கையக் கொஞ்சம் மெதுவாக்கினன்னு வையி, இந்தச் சென்மத்துல உங்கிட்டப் பேச மாட்டேன். நான் ஓடையில நீ எறியணும். அந்த ஏழு பேருக்கும் எறிஞ்ச மாதிரி எறியணும். அதுல நான் போயிட்டேன்னா போயிட்டேன். இல்லன்னா, பெட்டிய நானே அவுத்துடுதேன். அப்புறம் மஸ்கட்டுனு ஒரு வார்த்த கேக்க மாட்ட."

கனி எழுந்து நின்றாள். முகமூடியை இறுக்கிக்கொண்டாள். குந்தி உட்கார்ந்து ஒரு விரலைக் காட்டினாள். டெய்சி தலையாட்டினாள்.

ஆட்டம் செப்டம்பர் கடைசி ஞாயிறு என்று ஆனது. அன்றைக்கு நாலு இருபது பஸ்ஸைப் பிடித்தால் நாகர்கோவில், அங்கிருந்து திருவனந்தபுரம், விமானம். அதை விட்டால் அடுத்தது கிடையாது. எதிரணி கீழத்தேரிப் பெண்கள். டெய்சி அவர்கள் பக்கம் ஆடுவாள் என்று கோயில்பிள்ளை சார் அறிவித்தபோது ஊரில் அடுப்பு எரியவில்லை. "நம்ம பிட்சரே நமக்கு எதிரால்லா நிக்கா!" என்று டீக்கடையில் சத்தம். ஊர் இரண்டாகப் பிரிந்தது. டெய்சி தோற்றால் எல்லாப் பிள்ளைகளும் வீட்டோடு இருக்கும், ஜெயித்தால் கதவு திறந்துவிடும் என்று தாய்மாருக்குத் தெரிந்துவிட்டது. அவர்கள் கனியின் தோளுக்கு எண்ணெய் காய்ச்சிக் கொண்டுவந்தார்கள். பரணில் பெட்டி வைத்திருந்த இளவட்டங்கள் டெய்சியோடு சேர்ந்து ஓடினார்கள். விடிந்ததும் அவள் தேரி மேட்டில் ஏறி இறங்கி ஓடுவாள், முழங்கால்வரை புதைகிற மணலில் ஓடினால் செம்மண் தரையில் கால் காற்றாக இருக்கும் என்று. சாயங்காலம் கனி கோயில் மதில் பக்கம் பழைய டயரைக் கட்டித் தொங்கவிட்டு, நூற்றிருபத்தேழு அடி அளந்து நின்று, அதன் ஓட்டைக்குள் எறிந்து பழகினாள். நூற்றுக்கு நூறு உள்ளே போனது. இருபத்தைந்து வயசில் அந்தக் கை இன்னும் வேகமாகத்தான் ஆகியிருந்தது. டெய்சி மேட்டின்மேல் நின்று அதைப் பார்ப்பாள். கனி டயரிலிருந்து பந்தை எடுக்கப் போகும்போது மேட்டைப் பார்ப்பாள்.

ஒருநாள் கனி பந்தைத் தூக்கிக் காட்டி, "நெசமாவே எறியணுமாட்டி?" என்று கத்தினாள்.

"எறி!" என்று மேட்டிலிருந்து சத்தம் வந்தது.

அந்த ஞாயிறு ஊரில் வீட்டுக்குள் யாரும் இல்லை. மாசிலாமணித் தாத்தாவைக்கூடக் கட்டிலோடு கொண்டுவந்து வேம்படியில் போட்டிருந்தார்கள். நாலு மணிக்கே பஸ் வந்துவிட்டது, கண்டக்டருக்கும் டிரைவருக்கும் பார்க்கவேண்டியிருந்தது, டெய்சியின் பெட்டியை முன் சீட்டில் ஏற்றிவைத்துவிட்டு ரோட்டோரம் நின்றார்கள். நாலு ஐந்துக்கு டெய்சி மட்டையைப் பிடித்தாள், தரையோடு ஒரு பந்தைத் தட்டிவிட்டாள், முதல் மெத்தையில் ஏறி நின்றாள். நடுவில் எங்கள் புதுப் பிட்சர் பிரேமா. தட்டுக்குப் பின்னால் கனி.

டெய்சி மெத்தையை விட்டு ஒரு எட்டு வைத்தாள். இரண்டு. மூன்று. ஒன்பது வருஷமாக எங்கள் மைதானத்தில் யாரும் வைக்காத நாலாவது எட்டை வைத்தாள். கனி முதல் பந்தைப் பிடித்ததும் குந்தினபடியே முதல் மெத்தைக்குச் சுண்டினாள், டெய்சி நெஞ்சு தேயப் பாய்ந்து விரலால் மெத்தையைத் தொட்டாள், ஒரு முடியில் தப்பித்தாள். எழுந்து மண்ணைத் தட்டினாள். மறுபடி நாலு எட்டு. கனி முஷ்டி காட்டினாள், ஓடினால் பிடிக்கத் தோதாகப் பந்து வெளியே வந்தது, டெய்சி ஓடவில்லை. அவளுக்கு அந்த விரல்கள் முதல் மெத்தையிலிருந்தும் தெரிந்தன, தெரியும் என்று கனிக்கும் தெரியும். மூன்றாம் பந்துக்குக் கனி வெகுநேரம் ஒன்றும் காட்டவில்லை. பிறகு ஒரு விரலை நீட்டினாள். நேராக. அதைப் பிரேமாவுக்குத்தான் காட்டினாள், ஆனால் தலையாட்டினது டெய்சி.

ஓடினாள். தலையில் கட்டியிருந்த ரிப்பன் பறந்து விழ, செம்மண் பின்னால் புகையாக எழ, ஊரில் கிடந்த அத்தனை பெட்டிகளும் அவள் காலில் ஓடுகிற மாதிரி ஓடினாள். கனி எழுந்தாள், எழுந்தது யார் கண்ணுக்கும் தெரியவில்லை, குந்தியிருந்தவள் நின்றாள், கிளவுஸில் இருந்த பந்து காதுக்குப் பக்கத்தில் இருந்தது, காதுக்குப் பக்கத்தில் இருந்தது வானத்தில் இருந்தது. ஒன்பது வருஷம் எறியாத எறிகளெல்லாம் அந்த ஒன்றில் சேர்ந்துகொண்டன என்று பார்த்தவர்கள் சொல்வார்கள். கையை அவள் மெதுவாக்கவில்லை, அதற்கு நாங்கள் எல்லாரும் சாட்சி. பந்து பிரேமாவின் தலைக்கு மேலே விசிலடித்துக்கொண்டு, ஓடுகிறவளைத் தாண்டி, இரண்டாவது மெத்தைக்கு ஒரு சாண் மேலே, டெய்சியின் கால் வருவதற்கு முன்னால், டயரின் ஓட்டைக்குள் போன மாதிரியே போனது.

அங்கே ஆள் இல்லை.

இரண்டாவது மெத்தைக்கு ஓடிவந்து அந்தப் பந்தைப் பிடிக்க வேண்டியவள் பொன்செல்வி. ஒன்பது வருஷமாக அங்கே ஒரு பந்தும் வந்ததில்லை, வராத பந்துக்கு எதற்கு வெயிலில் நிற்பது என்று வெகுகாலம் முன்பே அவள் பின்னால் உடைமர நிழலுக்குப் போய்விட்டாள். ஆட்டம் நடக்க நடக்க அங்கே உட்கார்ந்து பிச்சிப்பூ கட்டுவாள், முடிந்ததும் சரத்தைக் கொண்டுபோய்க் கோயிலில் போடுவாள். யாரும் கேட்டதில்லை. பத்து நாளாக டெய்சியின் காலைப் பார்த்தோம், கனியின் கையைப் பார்த்தோம், ஊரே எண்ணெய் காய்ச்சியது, பொன்செல்வி எங்கே நிற்கிறாள் என்று ஒருத்தருக்கும் பார்க்கத் தோன்றவில்லை. சத்தம் கேட்டு அவள் தலையைத் தூக்கினாள். பல்லுக்கு நடுவில் வாழைநார். "ஏ டெய்சி, எங்கட்டி இந்த ஓட்டம் ஓடுத?" என்றாள். பந்து அவள் காதோரம் போனது.

டெய்சி மெத்தையை மிதித்தாள். தப்பிவிட்டாள் என்பதற்கு அடையாளமாகக் கோயில்பிள்ளை சார் இரண்டு கையையும் பக்கவாட்டில் விரித்தார். விரித்த கை ரொம்ப நேரம் இறங்கவில்லை.

பந்து உருண்டு, ரோட்டேறி, பஸ்ஸின் முன்சக்கரத்தில் முட்டி நின்றது. டெய்சி இரண்டாவது மெத்தையில் நின்று திரும்பிப் பார்த்தாள். கனி முகமூடியைக் கழற்றியிருந்தாள். பதினோரு வருஷமாக அவர்கள் நின்றது அறுபதடித் தூரத்தில். ஆட்டத்தில் இத்தனை தூரத்தில் நின்று ஒருவரையொருவர் பார்த்தது இதுதான் முதல் தடவை. கனியின் கை எறிந்தபடியே முன்னால் நீண்டிருந்தது. டெய்சி அதைப் பார்த்துத் தலையாட்டினாள். பிறகு நடந்தாள். ஓடவில்லை. பஸ் வாசலில் குனிந்து பந்தை எடுத்துக்கொண்டாள், படியில் வலது காலை வைத்தாள், இடது காலை வைத்தாள், உள்ளே போனாள்.

பஸ் போனது. வேம்படியில் மாசிலாமணித் தாத்தாவின் மகள் மட்டும் மெல்ல அழ ஆரம்பித்தாள், தாத்தாவின் இரண்டு காலும் கட்டிலுக்குள் வந்திருந்தன. குளத்துப் பக்கமிருந்து நாரைகள் தலைக்கு மேலே வடக்கே போயின. ஜெயசிங் அம்மாவிடம், "நாளைக்குக் காலைல" என்றான். தங்கபுஷ்பம் அத்தை கனியின் பக்கம் திட்டப்போகிற முகத்தோடுதான் நடந்தாள், கிட்டப் போனதும் முந்தானையால் அவள் முகத்து மண்ணைத் துடைத்துவிட்டு, "தோளு வலிக்கா மக்கா?" என்று கேட்டாள்.

"இல்ல அத்தை" என்றாள் கனி. "நல்லா போச்சுல்லா?"

"அம்புட்டும் நேரா போச்சு."

கோயில்பிள்ளை சார் ஆட்டத்தை என்ன செய்வது என்று தெரியாமல் நின்றார். இரண்டாவது மெத்தையில் இருக்க வேண்டியவள் இப்போது ரோட்டில் போய்க்கொண்டிருக்கிறாள், இருந்த ஒரே நல்ல பந்தும் அவளோடு போகிறது. அவள் மைதானத்தை விட்டுப் போனதால் அவுட்டு என்று எழுதலாமா என்று கேட்டார். கனிதான் சொன்னாள்:

"எழுதாதிய சார். அவ ரெண்டாவதுல நிக்கா. இன்னும் ஒரு மெத்த சுத்தி தட்டுக்கு வரணும்லா?"

சார் பென்சிலைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். அந்த ஆட்டம் இன்றைக்கும் முடியவில்லை.

இப்போது ஊர் பழையபடி காலியாகவும் நிறையவுமாக இருக்கிறது, போகிறார்கள், சிலர் வருகிறார்கள். கனி இருக்கும்போது பெண்கள் களவாட ஓடுகிறார்கள், அவள் எறிகிறாள், பொன்செல்வி மெத்தைமேல் வந்து நின்று பிடிக்கிறாள், பத்தில் ஏழு பேர் விழுகிறார்கள். ஞாயிறு ஆட்டம் முடிந்து எல்லாரும் போன பிறகு கனி ஒருத்தி மட்டும் வெறும் மைதானத்தில் கொஞ்ச நேரம் குந்தியிருப்பாள். முகமூடி போடுவதில்லை. நாலு இருபது பஸ் வந்து நின்று போகும். ஒரு நாள் பக்கத்தில் போய்ப் பார்த்தோம். ஓட்டம் முடிக்க வருகிறவளைக் கேச்சர் தட்டை மறித்துத்தான் தடுப்பாள், கனி மறிக்கவில்லை. மூன்றாவது மெத்தையிலிருந்து வருகிற வழியை விட்டு ஒரு அடி தள்ளி, தட்டு முழுசாகத் தெரியும்படி உட்கார்ந்து, அதன்மேல் காற்று கொண்டுவந்து போடுகிற செம்மணலைப் புறங்கையால் தள்ளிக்கொண்டே இருந்தாள்.